மணத்தி கணேசனைத் தெரியுமா?



சடுகுடு ஆடாத ஊர் நம்ம பக்கம் கிடையாது. அறுப்பு முடிந்த வயலிலும், கோயில் கொடைக்குப் போட்டி நடக்கிற திடலிலும் பார்த்தே வளர்ந்தோம். அந்த ஆட்டத்தில் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் ஒருவர் நம்ம ஆத்துப் பக்கத்திலேயே உண்டு. மணத்தி கணேசன். தாமிரபரணி கடலில் சேருகிற தூத்துக்குடி மாவட்டத்து மணத்திதான் அவர் ஊர். 1986 வரை அதுவும் நம்ம திருநெல்வேலி மாவட்டம்தான்.

1994-இல் ஜப்பானில், அணுகுண்டு விழுந்த அதே ஹிரோஷிமாவில், ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இத்தனை பெரிய நாட்டுக்கு அதில் கிடைத்த தங்கம் மொத்தமே 4. டென்னிசில் 2, துப்பாக்கி சுடுதலில் 1, கபடியில் 1. டென்னிஸ் ஆடிய லியாண்டர் பயஸை ஊர் உலகத்துக்கே தெரியும். கபடி அணியில் ஆடிய கணேசனை நமக்குத் தெரியாது! 1995-இல் மத்திய அரசு அவருக்கு அர்ஜுனா விருது கொடுத்தது. அப்புறமும் தெரியாது.

ஏன்? அப்போது கபடியில் காசும் இல்லை, டிவியில் காட்டுவாரும் இல்லை. புரோ கபடி வந்ததே 2014-இல்தான். அது மட்டுமா காரணம்? 1990-களில் நம்ம தென்மாவட்டங்களில் நடந்த சாதிச் சண்டை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பஸ் ஏறவே பயந்த காலம். ஒரு பிள்ளை ஜெயித்து வந்தால் 'நம்ம பிள்ளை' என்று எல்லாத் தெருவும் சேர்ந்து சொன்னோமா? எங்களுக்குத் தெரிந்து இல்லை. 2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜின் 'பைசன்' படம் வந்த பிறகுதான் பலர் அவர் பெயரையே கேட்டார்கள். அவர் வாழ்க்கையைத் தழுவிய கதை அது. படத்தில் வருவதெல்லாம் அப்படியே நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆம்பளைக்கே இந்தக் கதி என்றால் பொம்பளப் பிள்ளைகளைக் கேட்க வேண்டுமா? ஆசியப் போட்டியில் ஆண்கள் கபடி 1990-இல் வந்தது. பெண்கள் கபடி வர 2010 ஆயிற்று. வந்த முதல் தடவையே நம்ம பெண்கள் தங்கம் வாங்கினார்கள். 2025-இல் பஹ்ரைனில் நடந்த இளையோர் ஆசியப் போட்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா தங்கம் வாங்கி வந்தாள். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது.

நம்ம வீட்டில் என்ன நடக்கிறது? எட்டாம் வகுப்பு வரை ஓடி ஆடுகிற பிள்ளையை, 'வயசுக்கு வந்தவளுக்கு ஆட்டம் என்னத்துக்கு?' என்று நிறுத்திவிடுகிறோம். சொல்வது பெரும்பாலும் அம்மாதான், ஆச்சிதான்.

விளையாட்டு விடுதிகளில் பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. அதற்குத் தேர்வு நடக்கும். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் போய் விவரம் கேளுங்கள். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். பள்ளியில் தருகிற சின்னச் சான்றிதழைக்கூடப் பரணில் போட்டுக் கரையான் தின்ன விடாமல் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இதை வாசித்துக் காட்டட்டும். நம்ம ஊரில் முன்னே நன்றாக ஆடியவர்கள் யார், யார்? அதில் பெண்கள் எத்தனை பேர்? இப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? பெயர்களைத் தீர்மான நோட்டில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.