புது கார்டு வாங்கும் முன்னால்

"அண்ணா, ஃப்ளைட் சிமுலேட்டர் திக்கித் திக்கி ஓடுது. புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா?" மார்சிலிங் தம்பிகள் சிலர் கேட்கும் கேள்வி இது. பல நூறு வெள்ளி விஷயம். அதனால் முதலில் ஒரு சோதனை.

சிமுலேட்டரில் வேலை இரண்டு பங்கு. விமானம் எப்படிப் பறக்குது, சுற்றி என்னென்ன இருக்கு என்று கணக்குப் போடுவது பிராசசர். அதைப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. கோயில் அன்னதானத்தில் சமையல் தாமதமானால், பரிமாற பத்து பேர் நின்றாலும் பந்தி நகராது இல்லையா? அதே கதைதான்.

சாங்கி விமான நிலையத்தில் விமானத்தை நிறுத்தி வைத்து, வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் வருது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை 1920×1080-இலிருந்து 1280×720 ஆகக் குறையுங்கள். ஃப்ரேம் நல்லா ஏறினால் கார்டுதான் திணறுது. ஏறவே இல்லையென்றால் பிராசசர். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: டெவலப்பர் மோடைத் திறந்தால் அதுவே சொல்லிடும்.

கார்டு திணறினால், மேகங்களின் தரத்தை ஒரு படி இறக்குங்கள். ரெண்டர் ஸ்கேலை 80 ஆக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 36 சதவீதம் குறையும். பிராசசர் என்றால், டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயிலை 200-இலிருந்து 100-க்கு இறக்குங்கள். மற்ற விமானங்கள், விமான நிலைய வண்டிகளையும் குறையுங்கள். சாங்கி மாதிரி பெரிய இடத்தில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

முதல் பத்து நிமிடம் நல்லா ஓடி, பிறகு திக்குதா? அது சூடு. மத்தியானம் 32 டிகிரி இருக்கும் வீவக அறையில், மெத்தை மேல் மடிக்கணினியை வைத்தால் காற்று எப்படிப் போகும்? சூடு மிஞ்சினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசையில் வையுங்கள், விசிறித் தூசியைத் தட்டுங்கள். செலவே இல்லை.

இன்னொன்று, 60 ஹெர்ட்ஸ் திரை என்றால் ஃப்ரேமை 30-இல் பூட்டி வைப்பது நல்லது. 25-க்கும் 50-க்கும் நடுவே ஆடுவதைவிட நிலையான 30 கண்ணுக்கு எவ்வளவோ மேல். தரையிறங்கும் கடைசி வினாடிகளில் வித்தியாசம் தெரியும்.

இப்போது சிலேத்தாரில் 03 ஓடுபாதையிலிருந்து கிளம்பி இடதுபக்கம் திரும்புங்கள். ஜோகூர் நீரிணையை ஒட்டி மேற்கே போனால் காஸ்வே, அதன் பக்கத்தில் நம்ம மார்சிலிங் புளோக்குகள். அங்கேயும் திக்கினால், அந்த 720 சோதனையில் வந்த எண்ணையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.