துன்புறும் பிள்ளையும் சங்கத்தின் கடமையும்

(இல்லறத்தார்க்குரிய பாடம்)



பௌர்ணமி நாட்களில் நாம் ஒருங்கு கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்கும்போது, வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறோம். வந்துகொண்டிருந்து நின்றுபோனவர் யார் என்று எண்ணிப் பார்ப்பது அரிது. அங்ஙனம் நின்றுபோனவருள் சில தாய்மார் உண்டு. அவர்களுடைய பிள்ளை வந்தனை நேரத்தில் ஓடியிருக்கும், கூச்சலிட்டிருக்கும், பக்கத்துப் பிள்ளையை அடித்திருக்கும். யாரோ ஒருவர் முகஞ்சுளித்திருப்பார்; யாரோ ஒருவர் “வளர்ப்புச் சரியில்லை” என்றிருப்பார். அன்றோடு அத்தாய் வீட்டிலேயே இருந்துவிட்டாள். இம்மாதப் பாடம் அத்தாயையும் அவள் பிள்ளையையும் குறித்தது. பகவான் உபதேசித்த நான்கு வாய்மைகளின் வரிசையிலேயே இதனை ஆராய்வோம்.

1. துக்கம்

குறும்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. அடம் பிடித்தலும், பொய் சொல்லுதலும், இருட்டுக்கு அஞ்சுதலும் வளரும் பருவத்தில் வந்து போவன. நாம் கவலைகொள்ள வேண்டிய நிலை வேறு. அதனை மூன்று கேள்விகளால் அறியலாம். அந்நடத்தை பல மாதங்களாக நீடிக்கின்றதா? வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் ஒருபடித்தாய்க் காணப்படுகின்றதா? பிள்ளையின் படிப்பையோ, உறக்கத்தையோ, நட்பையோ கெடுத்துத் தனக்கும் பிறர்க்கும் தீங்கு விளைக்கின்றதா? இம்மூன்றுக்கும் ஆம் என்பது விடையானால், அப்பிள்ளை பிறரைத் துன்புறுத்துகின்றது என்பதற்கு முன்னரே தான் துன்புறுகின்றது என்று கொள்ளல் வேண்டும்.

சினந்து பொருளை உடைக்கும் பிள்ளை எல்லார் கண்ணிலும் படும். ஒன்றும் பேசாமல் மூலையில் ஒடுங்கி, உண்ணாமல், பள்ளிக்குப் போகும் வேளையில் வயிற்றுவலி என்று அழும் பிள்ளையை நல்ல பிள்ளை என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் துக்கமே. 2015-16-ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் நடத்தப்பெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 7.3 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடையவர் என்று கண்டது. ஆகையால், இது யாரோ ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அன்று.

2. துக்கத்தின் காரணம்

இங்கே நம்மவர் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. “முற்பிறப்பில் செய்த வினை, இப்பிள்ளையாய் வந்து பிறந்தது” என்று சொல்லி, அதனைப் பௌத்தம் என்றும் எண்ணிக்கொள்ளுகின்றனர். அது பௌத்தம் அன்று. மோலியசீவகன் என்னும் துறவி, மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பம் யாவும் முன்வினைப் பயனே என்பாரைக் குறித்துப் பகவானை வினவினான். பகவான் அக்கூற்றை ஏற்கவில்லை. பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற பழக்கம், பிறர் தாக்குதல், கன்மம் என எட்டுக் காரணங்களைக் கூறினார். எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழை மறைப்பது தம்மத்தைக் குறைத்துக் கூறுவதாகும். பாபாசாகேப் அம்பேத்கர் 1957-இல் வெளிவந்த “புத்தரும் அவர் தம்மமும்” என்னும் நூலில், ஏழ்மைக்கும் இழிவுக்கும் முற்பிறப்பின் வினையைக் காரணமாக்கும் கொள்கையை மறுத்திருப்பதையும் நாம் அறிவோம். எந்தக் கொள்கையால் நம் முன்னோரைத் தாழ்ந்தவர் என்றார்களோ, அதே கொள்கையால் நாம் நம் தாய்மாரைப் பழிப்பது தகுமா?

பிள்ளையின் நடத்தைக்கு உண்மையான காரணங்கள் பல. சில பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியின் தன்மையாலேயே ஓரிடத்தில் அமர்ந்து கவனம் செலுத்துதல் அரிது. சிலர்க்கு ஆட்டிசம் என்னும் நிலை உண்டு. பேரொலியும் கூட்டமும் அவர்க்குப் பொறுக்கவொண்ணா வேதனை தருவன. செவிப்புலன் குறைந்த பிள்ளை சொல்லைக் கேளாது. அதனை அடங்காமை என்கிறோம். எழுத்துக் கூடாத பிள்ளை பள்ளியில் நாள்தோறும் தலைகுனிந்து, மாலையில் வீட்டில் சீறுகின்றது. குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும் தந்தையைக் கண்டு வளரும் பிள்ளையின் நெஞ்சில் அச்சம் குடிகொண்டு, அது கையோங்குதலாய் வெளிப்படுகின்றது.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட பின், நம்மவர் பலர் பொழுது புலருமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்புகின்றனர். தந்தை புறப்படும்போது பிள்ளை உறங்குகின்றது, திரும்பும்போதும் உறங்குகின்றது. தாய் ஒருத்தியே எல்லாச் சுமையையும் தாங்குகின்றாள். லைன் வீடுகளில் ஒரு வீட்டுக் கூச்சல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், கேட்டவர் குறைகூறுவர், உதவ வருவார் இலர். இதுவும் துக்கத்தின் காரணங்களுள் ஒன்றே.

3. துக்கம் தணியும் என்பது

பிள்ளைகளிடம் பகவான் நடந்துகொண்ட முறையை நோக்குவோம். இராகுலருக்குப் பொய்யின் தீமையை உணர்த்த, கால் கழுவிய கலத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டி, அதனைக் கொட்டிக் காட்டி, கலத்தைக் கவிழ்த்துக் காட்டிப் போதித்தார். ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், அது தனக்கோ பிறர்க்கோ தீங்காகுமா என்று நோக்கப் பழக்கினார். சிராவத்திக்கும் ஜேதவனத்துக்கும் இடையே மீன்களை வதைத்துக்கொண்டிருந்த சிறுவரைக் கண்டபோது, துன்பம் உங்களுக்கு விருப்பமானதா என்று கேட்டே அவர்களைச் சிந்திக்க வைத்தார். நான்கு மாதத்தில் ஒரு பாட்டையும் மனனம் செய்ய இயலாத சூளபந்தகரை அவர் தமையனார் வெளியே போகச் சொன்னார். அழுது நின்றவரைப் பகவான் கைப்பற்றி அழைத்து, ஒரு வெள்ளைத் துணியைத் தந்து, அவரால் இயலும் வழியைக் காட்டினார். இம்மூன்றிலும் அடி இல்லை, வசை இல்லை, வெளியேற்றல் இல்லை. கண்டிப்பு உண்டு. குழந்தை வாயில் கல்லை இட்டுக்கொண்டால் இரத்தம் வந்தாலும் எடுத்துவிடுவேன் என்று அபயராஜகுமாரன் சொன்னபோது, அது இரக்கத்தாற் செய்வது என்பதைக் கொண்டே பகவான் அவனுக்கு விளக்கினார். கண்டிப்புக்கு இரக்கம் வேராயிருத்தல் வேண்டும்.

இதற்கு மாறான ஊரையும் நம் மணிமேகலை காட்டுகின்றது. வேள்விக்கென்று கட்டிய பசுவை இரவில் அவிழ்த்துவிட்ட ஆபுத்திரனை ஊரார் அடித்தனர். வளர்த்த தந்தையும் கைவிட்டான். அவன் ஏந்திய பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டனர். அவன் செயலின் உள்ளே இருந்த இரக்கத்தை அறிய அவ்வூரில் ஒருவரும் இலர். கடுஞ்சொல் ஒவ்வொன்றும் பிள்ளையின் பாத்திரத்தில் நாம் இடும் கல்லாகும்.

குடும்பத்தையும் சேர்த்துப் பேணினால் நோயாளர் தேறுவர் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1950-களில் அமிருதசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளரின் உறவினரை மருத்துவமனை வளவிலேயே கூடாரங்களில் தங்கவைத்து, அவர்களையும் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் உறவினர் உடனிருத்தலையே தன் முறையாகக் கொண்டது. பெங்களூரில் 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம், 1974-இல் மனநோய் மருத்துவமனையுடன் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. அங்குப் பிள்ளைகளுக்கென்றே தனித் துறை உண்டு. தாய் தேறினால் பிள்ளை தேறும் என்பது இவற்றின் பொதுக் கருத்து.

4. துக்கம் தணிக்கும் மார்க்கம்

முதலாவது, வீட்டில் செய்யத்தக்கவை. உண்ணல், உறங்கல், படித்தல் ஆகியவற்றுக்கு நாள்தோறும் ஒரே நேரம் வகுத்தல் வேண்டும். கட்டளையைச் சுருக்கமாக, ஒரு நேரத்தில் ஒன்றாகக் கூறுதல் வேண்டும். தாய் மறுத்ததைத் தந்தை கொடுத்தலாகாது. பிள்ளை நன்றாக நடந்த கணத்திலேயே அதனைச் சொல்லிப் பாராட்டுதல் வேண்டும். நாள் முழுதும் குற்றத்தையே கவனித்தால், குற்றம் செய்தால்தான் கவனிப்பார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். சீற்றம் எழுந்தபோது அதற்கு முன் நிகழ்ந்தது யாது, பின் நிகழ்ந்தது யாது என்று குறித்து வந்தால் காரணம் புலப்படும். மருத்துவர் மருந்து தந்தால், அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

இரண்டாவது, சங்கம் செய்யத்தக்கவை. மக்களைப் பிணைக்கும் நான்கு சங்கிரக வஸ்துக்களைச் சிகாலோவாத சூத்திரம் கூறுகின்றது. அவற்றையே நம் வேலைத்திட்டமாகக் கொள்ளலாம்.

தானம்: இக்குடும்பங்களுக்குப் பணத்தினும் அரியது பொழுது. இரண்டு உபாசிகைகள் வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், தாய் உறங்கலாம். மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கலாம்.

இன்சொல்: “ஏன் இப்படி வளர்த்தாய்?” என்று கேளாமல், “இன்று எப்படி இருக்கிறாய், அக்கா?” என்று கேட்டல்.

பயன்தரு செயல்: மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுதல், பள்ளி ஆசிரியரிடம் உடன்சென்று பேசுதல். 1980-களில் கர்நாடகத்தின் பெல்லாரியில் செய்து பார்த்த முறையைத் தழுவி, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. 2013 முதல் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறியும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளியில் அடித்தலையும் மனவதையையும் தடுக்கின்றது. தொடக்கக் கல்வி முடியுமுன் பிள்ளையை வெளியேற்றலையும் தடுக்கின்றது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மருத்துவமனையில் சேர்க்கப்படும் சிறுவருடன் அவருக்குரியவர் ஒருவர் தங்கியிருத்தல் வேண்டும். இவற்றை அறிந்த ஒருவர் ஒவ்வொரு சங்கத்திலும் இருத்தல் நலம்.

சமத்துவம்: அப்பிள்ளையும் நம் பாயில் அமர்வதற்கு உரிமையுடையது. வந்தனை நீண்டால், நடுவே எழுந்து உலாவ இடங்கொடுப்போம். மலர் எடுத்துக் கொடுக்கும் பணியை அதற்கு அளிப்போம்.

மூன்றாவது, செய்யத்தகாதவை. பேயோட்டல், சூடு போடுதல், சங்கிலியிடல் ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளரை வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுவிட்ட குடும்பத்தார் எல்லாரும் கொடியவர் அல்லர். களைத்துப் போனவர் பலர், வேறு வழி அறியாதவர் பலர். அவர்தம் ஊரில் கைகொடுப்பார் இருந்திருந்தால், அச்சங்கிலிகளுள் சிலவேனும் பூட்டப்படாதிருந்திருக்கும்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலும், அதனை மிரட்டல் என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசுவர்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. எல்லாத் துன்பமும் முன்வினைப் பயன் என்பது ஏன் பௌத்தம் ஆகாது?

2. சூளபந்தகரிடம் தமையனார் நடந்த முறைக்கும் பகவான் நடந்த முறைக்கும் வேறுபாடு யாது?

3. நம் சங்கத்துக்கு வராமல் நின்றுபோன குடும்பங்கள் எவை? அடுத்த பௌர்ணமிக்கு முன் அவர்கள் வீட்டுக்குச் செல்வோர் யார்?

மூன்றாம் வினாவுக்குக் கூட்டத்திலேயே பெயர்களைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

சகல ஜீவர்களும் சுகமாய் வாழ்க.