சொல்லாமலே அறிந்தவர்கள்

நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றதும் முதியவர் ஒருவரின் படுக்கையே நம் நினைவில் எழுகிறது. பதினான்கு, பதினாறு வயதினரும் அங்கு உண்டு, நண்பர்களே. நம் விடுதிக்குப் புதிதாக வரும் மாணவரைவிட இரண்டு மூன்று ஆண்டே இளையவர்கள் அவர்கள். வலியையும் மூச்சுத் திணறலையும் குறைத்து, உள்ள நாட்களை நன்கு வாழச் செய்வது அச்சிகிச்சையின் நோக்கம். அதில் பேச்சுக்கும் பெரும் பங்கு உண்டு.

“பையனிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்” என்பதே நம் நாட்டுப் பெற்றோர் பலரின் முதல் வேண்டுகோள். அது அன்பில் பிறந்தது, பழிக்கத்தக்கதன்று. ஆனால் மறைத்தால் மறையுமா? மைரா புளூபாண்ட்-லாங்னர் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், இரத்தப் புற்றுநோயுற்ற 3 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுடன் மருத்துவமனையில் பழகி, 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார். எவரும் சொல்லாமலே அக்குழந்தைகள் தம் நிலையை அறிந்திருந்தனர். அதைப் பேசினால் பெரியவர்கள் விலகிப் போகின்றனர் என்பதையும் அறிந்து, அறியாதவர்போல் நடித்தனர். ஒன்பது வயதில் விளங்குவது பதினைந்து வயதில் விளங்காதா?

சுவீடன் நாட்டில் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைக் கேட்டு எழுதிய ஆய்வொன்று 2004-இல் வந்தது. சாவைப்பற்றிப் பிள்ளையோடு பேசியிருந்த 147 பேரில் ஒருவரும் அதற்காக வருந்தவில்லை. பேசாதிருந்தவர்களில் 258 பேருக்கு 69 பேர் வருந்தினர். அது சுவீடன், நம் வீடு வேறு எனலாம். உண்மைதான். ஆயினும் அந்த 147-ஐ எளிதில் தள்ள இயலவில்லை.

அதற்காகக் கதவைத் திறந்ததும் உண்மையைக் கொட்டிவிடுவதா? அன்று. “நான் பிழைப்பேனா, அக்கா?” என்று செவிலியை ஒரு பெண் கேட்கிறாள் என்போம். “சீச்சீ, அப்படியெல்லாம் பேசாதே” என்றால் அவள் இனி யாரையும் கேட்கமாட்டாள். “இன்று இப்படிக் கேட்கத் தோன்றியது ஏன் அம்மா?” என்றால் உள்ளத்தில் இருப்பது வெளிவரும். சிலவேளை அது சாவைப்பற்றியதாகவே இராது. இரவில் வலி வந்தால் யார் வருவார், அம்மா அழுகிறாளே, தேர்வு எழுத விடுவார்களா என்பவையாக இருக்கும். எவ்வளவு அறிய விரும்புகிறாள் என்று கேட்டு, அவ்வளவே, பொய்யின்றிச் சொல்ல வேண்டும். பெற்றோரையும் முன்பே, “அவளே கேட்டால் என்ன சொல்லலாம்?” என்று கேட்டு வைப்பது நல்லது. மறுத்தவர்களும் அக்கேள்விக்குப் பின் சற்றே இளகுவது உண்டு.

இந்த வயதினர் நேருக்கு நேர் அமர்ந்து பேசுவது குறைவு. கேரம் ஆடும்போது, வண்டியில் போகும்போது, விளக்கணைத்த பின் பேசுவார்கள். “இன்று வேண்டாம்” என்று சுவர்ப்பக்கம் திரும்பினால் அதையும் மதிக்க வேண்டும்.

நம் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரே ஒப்புதல் தருகின்றனர். கையெழுத்து அவர்களுடையது; ஊசி ஏறுவதோ பிள்ளையின் கையில். ஆகவே சிறியவற்றிலேனும் அவர்கள் விருப்பத்தைக் கேட்கலாம். இளம் நோயாளிகளுக்கென்றே அமெரிக்காவில் 2012-இல் வந்த ‘வாய்சிங் மை சாய்சஸ்’ என்னும் கையேடு, யார் வந்து பார்க்கலாம், எது ஆறுதல் தரும், எவ்வாறு நினைக்கப்பட விரும்புகிறாய் என்றெல்லாம் அவர்களையே எழுதச் சொல்கிறது.

நம் தோழர் ஒருவருக்கோ, ஊரில் தம்பி தங்கைக்கோ இந்நிலை வரக்கூடும். என்ன பேசுவது என்று தெரியாமல் போகாது நின்றுவிடுவோர் பலர். போய், கிரிக்கெட்டைப் பற்றியே பேசுங்கள். ஞாயிறன்று வருவதாகச் சொன்னால் ஞாயிறன்றே போங்கள்.