சட்டம் பயில விரும்பும் நம் பிள்ளைகளுக்கு

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் வழிபாடு முடிந்து, காலணி வைக்கும் இடத்தில் நின்றிருந்தேன். தெரிந்த அம்மையார் ஒருவர் அருகில் வந்தார். "ஐயா, என் மகள் வக்கீலுக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். இங்கே இடம் கிடைக்குமோ என்னவோ! வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டுப் பட்டத்தை வீட்டிலிருந்து படிக்கலாம் என்று சொன்னார்கள். அடுத்த வாரம் முன்பணம் கட்டப் போகிறோம்" என்றார். நல்ல வேளையாகப் பணம் கட்டுவதற்கு முன் கேட்டார். அன்று அவருக்குச் சொன்ன விவரங்களையும், வார இறுதிகளில் என்னிடம் பாடம் கேட்க வரும் மாணவர்களுக்குச் சொல்லித் தருபவற்றையும் இம்மலரின் வாசகர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

1. எந்தப் பட்டம், எந்தப் பாதை?

இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர் வேறு; பத்திரம், உயில், ஒப்பந்தம் முதலிய வேலைகளைப் பார்க்கும் சொலிசிட்டர் வேறு. சிங்கப்பூரில் அந்தப் பிரிவினை இல்லை. இங்கு ஒருவரே 'அட்வகேட் அண்ட் சொலிசிட்டர்' ஆகிறார். ஆகவே, சொலிசிட்டர் வேலை மட்டும் பார்க்க விரும்பும் பிள்ளையும் வாதாட விரும்பும் பிள்ளையும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

ஒரு காலத்தில் சட்டம் படிக்கக் கப்பலேறி லண்டன் செல்ல வேண்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு முதல் சட்ட மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். அந்த முதல் அணி 1961இல் பட்டம் பெற்றது. பின்னாளில் தலைமை நீதிபதியான சான் செக் கியோங், தூதராகப் புகழ்பெற்ற டாமி கோ ஆகியோர் அந்த அணியினரே. அந்தத் துறைதான் இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையாக விளங்குகிறது. சட்டப் பேராசிரியராகவும் சட்ட அமைச்சராகவும் பணியாற்றிய திரு எஸ். ஜெயகுமார் அங்கு படித்தவர். பிறகு அத்துறையின் தலைவராகவும் இருந்தவர். 2007இல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் சட்டப் படிப்பைத் தொடங்கியது. 2017இல் இன்று சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் எனப்படும் நிலையம், குற்றவியல் சட்டத்திலும் குடும்பச் சட்டத்திலும் நாட்டம் உள்ளவர்களுக்கென ஒரு படிப்பைத் தொடங்கியது. வேறு வேலையில் இருந்துவிட்டுப் பின்னர் சட்டத்திற்கு வருபவர்களுக்கும் அங்கே இடமுண்டு.

வெளிநாட்டுப் பட்டம் என்றால் இரண்டு செய்திகளை மறவாதீர்கள். முதலாவது, அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அது மாறக்கூடியது. 2015இல் சட்ட அமைச்சு பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கையை 19இலிருந்து 11ஆகக் குறைத்தது. 2016 முதல் சேர்ந்த மாணவர்களுக்கு அது பொருந்தியது. எனவே அண்ணன் படித்த கல்லூரி தம்பிக்கும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது, அந்தப் பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவராக நேரில் படித்திருக்க வேண்டும். தபால்வழிப் பட்டம் அறிவுக்கு நல்லது. ஆனால் இங்கு வழக்கறிஞராகும் தகுதியை அது தராது. அந்த அம்மையார் முன்பணம் கட்ட இருந்தது அப்படிப்பட்ட ஒரு பட்டத்திற்கே. குடும்பத்தின் சேமிப்பு அத்தனையும் அதில் போயிருக்கும். அமைச்சின் தற்போதைய பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள் என்பது பெற்றோருக்கு என் முதல் வேண்டுகோள்.

2. நுழைவுத் தேர்வு

ஏ நிலைத் தேர்விலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ நல்ல மதிப்பெண் பெற்றால் மட்டும் போதாது. சட்டத்துறைகள் தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எழுத்துத் தேர்வும் நேர்முகமும் வைப்பது வழக்கம். ஆக்ஸ்போர்டு போன்ற பல்கலைக்கழகங்கள் 'எல்நாட்' என்னும் சட்ட நுழைவுத் தேர்வைக் கேட்கின்றன. இரண்டேகால் மணி நேரம் நடைபெறும் அத்தேர்வில் இரு பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் 12 பத்திகளை ஒட்டி 42 கேள்விகள்; நேரம் 95 நிமிடம். இரண்டாம் பகுதியில் மூன்று தலைப்புகளில் ஒன்றைப் பற்றி 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை.

இதில் சட்ட அறிவு சோதிக்கப்படுவதில்லை. வாசித்ததைப் பிரித்தறியும் திறனே சோதிக்கப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: "ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூட்டம் நெரிகிறது. ஆகவே அன்று சிராங்கூன் சாலையில் வாகனங்களைத் தடை செய்ய வேண்டும்." இங்கே முதல் வாக்கியம் ஒரு செய்தி. இரண்டாவது ஒரு முடிவு. இரண்டுக்கும் நடுவில் சொல்லப்படாத ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: வாகனங்களை நிறுத்தினால் நெரிசல் குறையும் என்பதே அது. உண்மையில் நெரிசல் நடைபாதையிலும் கடைவாசலிலும் இருந்தால் வாதம் விழுந்துவிடும். செய்தி எது, முடிவு எது, அனுமானம் எது என்று நாள்தோறும் ஒரு பத்திரிகைத் தலையங்கத்தைப் பிரித்துப் பழகுங்கள். தமிழ் முரசிலும் செய்யலாம், ஆங்கில நாளிதழிலும் செய்யலாம். ஆறு மாதம் விடாமல் செய்த மாணவனுக்கும் கடைசி மாதம் பயிற்சி நூல் வாங்கியவனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

3. பட்டத்திற்குப் பின் வரும் தேர்வுகள்

வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள் இங்கு 'பார்ட் ஏ' தேர்வு எழுத வேண்டும். குற்றவியல் சட்டம், சான்றுச் சட்டம், நிறுவனச் சட்டம், நிலச் சட்டம், சிங்கப்பூர்ச் சட்ட அமைப்பு ஆகியவை அதன் பாடங்கள். இங்கிலாந்தில் படித்தவருக்கு இவை ஏன் மீண்டும் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. காரணம் இருக்கிறது. நமது குற்றவியல் சட்டத் தொகுப்பு 1871ஆம் ஆண்டினது. அதற்கு மூலம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். நமது சான்றுச் சட்டத்தின் மூலம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம். லண்டன் வகுப்பறையில் இவற்றைக் கற்பிப்பதில்லை. மேலும், லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் முறையும் 1994இல் முடிவுக்கு வந்துவிட்டது. இந்நாட்டுச் சட்டம் இந்நாட்டிலேயே வளர்கிறது.

அடுத்தது 'பார்ட் பி'. உள்நாட்டுப் பட்டதாரிகளும் வெளிநாட்டுப் பட்டதாரிகளும் இதில் ஒன்றாக அமர்கிறார்கள். 2011இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் சட்டக் கல்விக் கழகம் இதை நடத்துகிறது. இது ஏட்டுப் படிப்பு அன்று. வழக்கு நடத்துதல், சொத்துப் பரிமாற்றம், குடும்ப வழக்குகள், தொழில் ஒழுக்கம் என்று நடைமுறையைச் சார்ந்தது. அதனுடன் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சியும் பெற வேண்டும். ஆறு மாதமாக இருந்த அந்தப் பயிற்சிக் காலம், 2023இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தால் ஓராண்டாக நீட்டப்பட்டது. ஆகவே பட்டம் பெற்ற மறுநாளே மகன் சம்பாதிப்பான் என்று கணக்குப் போடாமல், மேலும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குக் குடும்பம் ஆயத்தமாக இருப்பது நல்லது.

4. விடை எழுதும் முறை: கோயில் காலணிக் கணக்கு

சட்டத் தேர்வில் கதை ஒன்றைக் கொடுத்து "ஆலோசனை கூறுக" என்பார்கள். மனப்பாடம் இங்கே உதவாது. நான்கு படிகளில் விடை அமைய வேண்டும்: பிரச்சினை எது, அதற்குரிய விதி எது, இந்தச் செய்திகளுக்கு விதி எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன. நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

ஒருவர் கோயிலுக்கு வருகிறார். கருப்பு ரப்பர்ச் செருப்பை வாசலில் விடுகிறார். திரும்பும்போது அதே மாதிரியான வேறொருவரின் செருப்பை, தம்முடையதென்று எண்ணி அணிந்து செல்கிறார். இது திருட்டா?

விதி: குற்றவியல் சட்டத் தொகுப்பின் 378ஆம் பிரிவு. அதை ஐந்து கூறுகளாகப் பிரிக்க வேண்டும். நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். பொருள் அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது மற்றொருவர் வசம் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இருக்கக் கூடாது. எடுப்பதற்காகப் பொருள் நகர்த்தப்பட வேண்டும். ஐந்தும் சேர்ந்தால்தான் திருட்டு.

பொருத்திப் பார்ப்போம். செருப்பு அசையும் பொருள். உரியவர் அதை வாசலில் விட்டாரே தவிர, வேண்டாமென்று கைவிடவில்லை. ஆகவே அது அவர் வசமே. சம்மதம் இல்லை. பொருள் நகர்ந்தது. நான்கு கூறுகள் உள்ளன. ஆனால் நேர்மையற்ற எண்ணம் இல்லை. தம் பொருள் என்றே அவர் நம்பினார். முடிவு: திருட்டு அன்று.

பல மாணவர்கள் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். கதை இன்னும் முடியவில்லை. அவர் வீட்டுக்குச் சென்று விளக்கொளியில் பார்க்கிறார். தவறு தெரிகிறது. "யாருக்குத் தெரியப் போகிறது" என்று அதையே தொடர்ந்து அணிகிறார். இப்போது 403ஆம் பிரிவு வருகிறது. நல்லெண்ணத்தில் கைக்கு வந்த பிறர் பொருளை, உண்மை தெரிந்த பின் நேர்மையின்றித் தமதாக்கிக்கொள்வதும் குற்றமே.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அவருடைய செருப்பு காணாமற்போய்விட்டது. கோபத்தில் பக்கத்திலிருந்த ஒன்றை எடுத்துப் போகிறார். "என்னுடையதை எவனோ எடுத்தான்" என்பது சட்டத்தில் விடையாகாது. செருப்புக்கு உரியவர் அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஐந்து கூறுகளும் நிறைவடைகின்றன. ஒரே செருப்பு, ஒரே வாசல். மனநிலை மாறினால் விடையும் மாறுகிறது. கேள்வித்தாளில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

5. நேர்மையும் ஒரு பாடம்

இந்தக் காலணிக் கணக்கு தேர்வறைக்கும் பொருந்தும். 2020ஆம் ஆண்டு 'பார்ட் பி' தேர்வு, நோய்த்தொற்றுக் காலமாதலால் இணையம் வழி நடந்தது. அதில் சிலர் விடைகளைப் பரிமாறிக்கொண்டனர். 2022 ஏப்ரலில் அவர்களுள் ஆறு பேரின் விண்ணப்பம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஐவர் ஆறு தாள்களில் வாட்ஸ்அப் வழியாக விடைகளைப் பகிர்ந்திருந்தனர். ஒருவர் மூன்று தாள்களில் வேறொருவருடன் சேர்ந்து எழுதியிருந்தார். நீதிபதி சூ ஹான் டெக், ஐவரின் விண்ணப்பத்தை ஆறு மாதத்திற்கும் ஒருவருடையதை ஓராண்டுக்கும் ஒத்திவைத்தார். பிறகு மேலும் சிலருடைய செயலும் வெளிவந்து, மொத்தம் 11 பேர் என்றாயிற்று.

அவர்கள் படிக்காத பிள்ளைகள் அல்லர். பல ஆண்டு உழைப்பில் கடைசிப் படிவரை வந்தவர்கள். வழக்கறிஞராகத் தேர்ச்சி மட்டும் போதாது. அதற்குத் தகுந்த குணமுடையவர் என்று நீதிமன்றம் நம்ப வேண்டும். தோல்வி அடைந்தவன் மறுபடி எழுதலாம். நம்பிக்கையை இழந்தவன் அதை மீண்டும் பெறப் பல காலம் ஆகும். பெற்றோர்களே, பிள்ளைகளிடம் "எப்படியாவது பாஸ் பண்ணிவிடு" என்று சொல்லாதீர்கள். அந்த 'எப்படியாவது' என்ற சொல் பிள்ளையின் காதில் எப்படி விழும் என்று நமக்குத் தெரியாது.

6. பணமில்லாமல் செய்யக்கூடிய பயிற்சிகள்

நீதிமன்ற விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்கள் பார்க்கக்கூடியவை. விடுமுறையில் ஹேவ்லாக் சதுக்கத்திலுள்ள அரசு நீதிமன்றங்களுக்குச் சென்று, ஒழுங்காக உடுத்தி, கைத்தொலைபேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் அமருங்கள். சாட்சியைக் கேள்வி கேட்பது திரைப்படத்தில் காண்பதுபோல் இராது என்பது அரை நாளில் விளங்கும். நாட்டின் சட்டங்கள் அனைத்தும் அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாக உள்ளன. வாரம் ஒரு பிரிவை எடுத்து, காலணிக் கணக்கைப் போல் கூறு கூறாகப் பிரித்து எழுதுங்கள். விக்டோரியா தெரு தேசிய நூலகத்தில் அமைதியான இடம் உண்டு. அடுக்குமாடி வீட்டில் இடநெருக்கடி உள்ள பிள்ளைகள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தமிழை விட்டுவிடாதீர்கள். சட்டம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்திடம் வரும் மனிதர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் அழுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் கட்டுமானத் தொழிலாளிக்கும், உயில் எழுத நினைக்கும் பாட்டிக்கும் தம் மொழியில் கேட்டறிந்து சொல்லும் வழக்கறிஞர் பெரிய துணை. கற்ற பிரிவை வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். அவருக்குப் புரியவில்லையென்றால் உங்களுக்கே இன்னும் புரியவில்லை என்று பொருள்.

அந்த அம்மையாரின் மகள் முன்பணம் கட்டவில்லை. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பிப்பதாக இருக்கிறாள். இப்போது சனிக்கிழமைதோறும் தலையங்கம் வெட்டி ஒட்டிய ஒரு குறிப்பேட்டுடன் வருகிறாள். இடம் கிடைக்குமா என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் சென்ற வாரம் ஒரு பத்தியில் நான் கவனிக்காத அனுமானம் ஒன்றை அவள் எனக்கு எடுத்துக் காட்டினாள். அவளுக்கும், அவளைப் போல் முயலும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் எல்லாம் வல்ல இறைவன் நல்லறிவும் நேர்மையும் தந்தருள வேண்டுகின்றேன்.