ஊருணியும் ஊரார் கடனும்: செட்டிநாட்டு நீர்நிலைகள் பற்றிய ஓர் ஆய்வு

ஊரார் உண்ணும் நீரையுடையது ஊருணி. பாசனத்திற்குக் கண்மாய் உண்டு; குளிப்பதற்கும் கால்நடைக்கும் குளம் உண்டு; குடிப்பதற்கென்றே காக்கப்பட்டது ஊருணி. ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் அறிவுடையான் செல்வத்திற்கு உவமை தேடிய வள்ளுவர், ஆற்றையோ கடலையோ எடுக்காமல் ஊருணியை எடுத்துக்கொண்டது எண்ணத்தக்கது. ஆறு இயற்கை தந்தது. ஊருணியோ மக்கள் கூடி வெட்டியது. கூடிக் காத்தால் மட்டுமே நிலைப்பது. காலநிலை மாற்றமும் பேரிடரும் பேசப்படும் இந்நாளில், அவற்றைத் தாங்கும் வலிமையை ஓர் ஊர் எவ்வாறு பெறும், அவ்வலிமையில் எளியோர்க்கு உரிய பங்கு யாது என்பவற்றைச் செட்டிநாட்டு ஊருணியின் வழியாகக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த சிவகங்கை மாவட்டம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 900 மி.மீ. மழை பெறுகிறது. அதில் மிகுதியான பங்கை வடகிழக்குப் பருவமழை தருகிறது. வைகை மானாமதுரைப் பக்கம் செல்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிக்கு வற்றாத ஆறு இல்லை. எனவே மழையைப் பிடித்துவைப்பதே வாழும் வழியாயிற்று. நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்கோளுக்குத் தப்பி வந்தவர்கள் என்று மரபுவழிச் செய்தி ஒன்றைக் கூறுவர். நீரால் துரத்தப்பட்டோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர், நீர் அரிதான நிலத்தில் நீரைப் போற்றும் ஊர்களை அமைத்தனர். ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்து அண்டாக்களை நிரப்பும். எஞ்சியது தெருவழியே ஓடி ஊருணியைச் சேரும். செம்மண் கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்துக் குடித்தனர்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் பரப்பும் இரண்டு மீட்டர் ஆழமும் உடைய ஊருணி நிறைந்தால் ஏறத்தாழ 80 இலட்சம் லிட்டர் நீர் கொள்ளும். பாதி வெயிலில் ஆவியானாலும் 40 இலட்சம் லிட்டர் மிஞ்சும். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் வீதம் ஐந்நூறு பேர் கொண்ட சிற்றூருக்கு அது 200 நாள் நீராகும். மார்கழியில் நிறைந்த ஊருணி ஆனி முடியும்வரை ஊரைக் காக்கும். கோடை முழுவதும் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் காத்திருக்கும் பெண்களின் நேரத்தையும் உழைப்பையும் இக்கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஊருணி என்பது பள்ளம் மட்டும் அன்று. அதற்கு நீர் கொணரும் வரத்துக்கால் அடைபட்டால் அது வெறுங்குழியே. சுற்றுச்சுவர் எழுப்பி, நடைபாதை போட்டு, வண்ணம் பூசி, வரத்துக்காலை மட்டும் மறந்துவிட்ட ஊருணிகளை நாம் கண்டதில்லையா? திறப்புவிழாக் கல்வெட்டு மின்னும். உள்ளே புல் முளைத்திருக்கும்! கண்மாய்களின் நிலையும் இதுவே. மேலைக் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழைக் கண்மாய்க்கு நீர் வரும். இடையில் ஒரு கால்வாய் மனையாகிவிட்டால் கீழுள்ள ஊர்கள் யாவும் வறளும். பெருமழையிலோ அதே நீர் வழியறியாது வீடுகளுக்குள் புகும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் காரணம் ஒன்றாக இருப்பதை இங்குக் காண்கிறோம்.

வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைக் கொள்ளும் என்பது அறிவியல். இதனால் மழை நாட்கள் குறைந்தாலும், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் இயல்பு மிகுகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. 2023 திசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ. மழை கொட்டியது. நம் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் மழை அது. அவ்வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் சிக்கி நின்ற ரயிலுக்கு, அரசின் உதவி சென்று சேருமுன் சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி ஊரார். இடர் வந்த முதல் நாளில் ஊருக்கு ஊரே துணை.

இங்கு நீதியின் வினா எழுகிறது. இவ்வெப்பத்தை உண்டாக்கியதில் கடைமடை உழவனுக்கும் கூலிப் பெண்ணுக்கும் பங்கு மிகச் சிறிது. துன்பத்தில் மட்டும் முதற்பங்கு அவர்களுடையது. பழைமை எல்லாம் பொன் என்று போற்றுவதும் முறையாகாது. குடிமராமத்து ஊர்க்கூடல் என்றே புகழப்படுகிறது. ஆயினும் அவ்வழக்கத்தைச் சட்டத்தால் வலியுறுத்த 1858இல் சென்னை மாகாண அரசு இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல் இருந்தது. தூர் வாரியவன் நிலமற்றவன். மடைநீர் பெற்றவன் நிலமுடையவன். ஊரார் உண்ணும் நீர் என்று பெயர் வைத்துவிட்டு, அவ்வூராருள் சிலரைப் படித்துறையில் இறங்கவிடாமல் தனித்துறைக்கு அனுப்பியதும் நம் வரலாறே.

மதீனாவில் விலைக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்று நீரை, அக்கிணற்றையே வாங்கிப் பொதுவாக்கிய உதுமான் (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். வாங்கியவர் வாளிக்கும் பிறர் வாளிக்கும் வேறுபாடு இல்லை என்பதே அந்த அறத்தின் நிபந்தனை. ஊருணிக்குப் பொருள் வழங்கும் ஜமாஅத்தாயினும் கோயில் அறக்கட்டளையாயினும் வெளிநாட்டில் பொருளீட்டும் ஊர்ப் பிள்ளையாயினும் இந்நிபந்தனையை ஏற்றே வழங்க வேண்டும்.

தூர்வாருதல் அண்மைக் காலத்தில் புத்துயிர் பெற்றது. மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகப் பணி 1992இல் தொடங்கிக் கண்மாய் உழவர்களைச் சங்கங்களாக்கியது. அரசு 2017இல் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கி, ஆயக்கட்டுதாரர் பத்து விழுக்காடு பங்களிக்க வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடே, எனினும் ஆயக்கட்டில் நிலமில்லாதவருக்கு அங்குக் குரல் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தையே எடுத்துக்கொள்வோம். அது அகற்றப்பட வேண்டியதே. ஆனால் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் பல. மரத்தை வேரோடு எடுக்கும் ஊர், அக்குடும்பங்களுக்கு அவ்வேலையிலேயே முதல் உரிமையும் அதன்பின் வேறு தொழிலுக்குத் துணையும் தர வேண்டாமா?

மாணவர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மண்வெட்டி எடுக்குமுன் ஒரு குறிப்பேட்டை எடுங்கள். உங்கள் ஊருணிக்கு நீர் எத்திசையிலிருந்து வந்தது, வரத்துக்கால் எங்கு அறுந்தது, எந்தத் தெருவார் எத்துறையில் நீர் எடுத்தனர், கோடையில் எவர் வீட்டுக் குடம் முதலில் காலியாகிறது என்று முதியோரிடமும் பெண்களிடமும் கேட்டு எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கிராமசபையில் அதைப் படியுங்கள். சித்திரை, வைகாசியில் நீர் வற்றியிருக்கும்போது தூர் எடுக்கலாம். ஐப்பசி மழை இறங்குவதால், வரத்துக்கால் வேலை புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும்.