தேனீக் கூட்டம் பெருகும் காலம்

திருவனந்தபுரம் மாவட்டத்திலும் அதனை அடுத்த குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலும் தேனுக்குப் பேரூற்றாய் விளங்குவது இரப்பர் மரத்தின் தளிர். சனவரி முதல் மார்ச்சு வரை, தளிரின் இலைக்காம்பு நுனியில் இனிப்புநீர் சுரக்கும்.

அதற்கு முன்பே, மழை ஓய்ந்ததும், வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்ப்போர் வலுவான கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பர். முட்டையும் புழுவும் உள்ள அடைகளில் பாதியைப் புதுப்பெட்டிக்கு மாற்றுவர். இராணி இல்லாத பெட்டியில் பணித்தேனீக்களே புதிய இராணியை வளர்த்துக்கொள்ளும். முட்டையிலிருந்து இராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள் ஆகும்.

எல்லாக் கூட்டங்களையும் பிரித்தல் தகாது. 1991-92இல் புழுக்களைத் தாக்கிய வைரஸ் நோயால் இப்பகுதியில் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. நோயைத் தாங்கி எஞ்சியவற்றைப் பேணிப் பிரித்தே இத்தொழில் மீண்டும் தழைத்தது. ஆகவே, எண்ணிக்கையைப் பெருக்க விரும்புவோர் முதலில் நோயற்ற கூட்டத்தைத் தேர்ந்தறிதல் வேண்டும்.

சொற்பொருள்
அடை – தேன்கூட்டின் மெழுகுத் தட்டு
தழைத்தது – செழித்தது

வினாக்கள்
1. இரப்பர் மரத்தில் இனிப்புநீர் எங்குச் சுரக்கும்?
2. எத்தகைய கூட்டத்தைப் பிரித்தல் வேண்டும்? ஏன்?
3. பிரித்து எழுதுக: பேரூற்று, நோயற்ற.