ஐசியூ வாசலில் திருவருகைக் காலம்

நாகர்கோவில்,
டிசம்பர் 7,
திருவருகைக் கால இரண்டாம் ஞாயிறு.

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதுவது.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "டூட்டிக்கு நேரமாச்சு பெரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா உன் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "என் பையனுக்காக உங்க சாமிகிட்ட வேண்டிக்கோங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீயும் சரி என்று சொல்லிவிட்டாய். இப்போது அது உறுத்துகிறது. கோயிலுக்குப் போய் வாரக்கணக்கில் ஆகிறது, செபம் ஓடவில்லை, திருவருகைக் காலம் தொடங்கியதே வாட்ஸாப் ஸ்டேட்டஸ் பார்த்துத்தான் தெரிந்தது, இந்த நிலையில் வேண்டிக்கொள்கிறேன் என்று சொன்னது பொய்தானே என்கிறாய்.

பொய் இல்லை. நோயாளியை விட்டு வர முடியாதவர் ஞாயிறு திருப்பலிக்கு வராதது பாவம் என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை, நீதான் சொல்லிக்கொள்கிறாய். சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கணக்கில் சேரும். நைட் ஷிப்ட் இல்லாத சனிக்கிழமையில் பக்கத்துப் பங்குக்குப் போய் உட்கார். அவ்வளவு போதும்.

செபம் ஓடவில்லை என்றால் நீ சொல்ல வருவது நெஞ்சு உருகவில்லை என்பது. உருகித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னார்கள்? இந்தக் காலத்து வழிபாட்டையே பார். பீடமும் குருவின் உடையும் ஊதா. ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் கிடையாது. பெத்லகேமில் வானதூதர்கள் தொடங்கிய பாட்டு என்பதால் அதைக் கிறிஸ்துமஸ் இரவுக்கென்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். குடிலில் ஆடு மாடு, இடையர் எல்லாம் வந்தாயிற்று, தீவனத்தொட்டி மட்டும் காலி. நம் ஊர் இளைஞர் மன்றம் முதல் ஞாயிறே சாந்தா கிளாஸை மினி லாரியில் ஏற்றி ஸ்பீக்கர் கட்டிச் சுற்ற ஆரம்பித்துவிட்டது, அது வேறு கதை. ஆனால் கோயிலுக்குள் இந்த நாலு வாரமும் இல்லாததை இல்லை என்று ஒத்துக்கொள்ளும் காலம். உனக்குள் ஒன்றும் ஓடவில்லை என்றால் நீ இந்தக் காலத்துக்கு வெளியே நிற்கவில்லை, நடுவில்தான் நிற்கிறாய்.

அடுத்த ஞாயிறு வாசிக்கப் போகும் நற்செய்தியை முடிந்தால் இப்போதே எடுத்துப் படி. மத்தேயு 11. திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். யோர்தானில் எல்லாருக்கும் முன்னால் இயேசுவைச் சுட்டிக்காட்டியவர், இப்போது தன் சீடர்களை அனுப்பி, வர வேண்டியவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். விசுவாசம் ஆடிப்போன கேள்வி அது. அதற்காக இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நான்தான் என்று நேராகவும் சொல்லவில்லை. நீங்கள் கேட்பதையும் காண்பதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார்: பார்வையில்லாதவர் பார்க்கிறார், கால் ஊனமுற்றவர் நடக்கிறார், தொழுநோயாளர் குணமாகிறார். மகளே, அந்தப் பட்டியலை ஒரு நர்ஸ் படிக்க வேண்டிய மாதிரிப் படி. பாதிக்கு மேல் வார்டு சமாச்சாரம். ஆனால் யோவானுக்குச் சிறைக்கதவு திறக்கவில்லை என்பதையும் மறக்காதே. அவர் தலை போனதை அதே மத்தேயுதான் மூன்று அதிகாரம் தள்ளி எழுதுகிறார்.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், காத்திருந்தால் நல்லது நடக்கும் என்று டிசம்பர் முழுக்கப் பேசுகிறவர்கள் அதிகம். 2017-ல் நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தது. அந்த வருஷம் திருவருகைக் கால முதல் ஞாயிறும் கோட்டாறு சவேரியார் திருநாளும் ஒரே நாள், டிசம்பர் 3. நான் அப்போது கடற்கரைப் பள்ளியில் வேலை பார்த்தேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் சுறா பிடிக்கிறவர்கள், வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது பலர் அதைக் கேட்கும் தூரத்தில் இல்லை. லட்சத்தீவில் சில படகு ஒதுங்கியிருக்கிறது, மகாராஷ்டிராவில் சில படகு கரை சேர்ந்திருக்கிறது என்று செய்தி வரும். செல்போனில் வரும் பட்டியலைப் பெண்கள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். பெயர் இல்லையென்றால் மறுபடியும் மேலிருந்து தொடங்குவார்கள். எட்டு வருஷத்துக்கு முன் இதே டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் குழித்துறையில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள், எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று. அதுவும் திருவருகைக் கால மன்றாட்டுதான் என்பது என் எண்ணம். யாரும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பல வீடுகளில் அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த வீடுகளுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் "கடவுள் சித்தம்" என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னவரின் மனசு இறங்கியிருக்கலாம், கேட்டவளுக்கு அது கதவைச் சாத்தியது போலத்தான். காணாமல் போனவர் பெயரையும் படகு நம்பரையும் கேட்டு எழுதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் ஊர் இன்றும் நினைக்கிறது.

அதனால் அந்த அம்மாவிடம் "கடவுள் சித்தம்" என்று சொல்லாதே. "ஒண்ணும் ஆகாது" என்றும் சொல்லாதே, அது உனக்குத் தெரியாது. டாக்டர் சொல்ல வேண்டியதில் நீ கை வைக்காதே. ஆனால் கண்டதையும் கேட்டதையும் சொல்ல உன்னால் முடியும். காய்ச்சல் காலையைவிடக் குறைவு, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கண் இமை அசைந்தது, இப்போதுதான் திருப்பிப் படுக்க வைத்து முதுகில் பவுடர் போட்டேன். இப்படி ஒரு வாக்கியம், அதுவும் உண்மையாக. அவர்கள் சாப்பிட்டார்களா என்றும் கேள்.

வேண்டிக்கொள்வதாகச் சொன்னாய் அல்லவா, அதையும் செய். ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு படுக்கையாக நின்று ஓவர் கொடுக்கிறீர்களே, அப்போது பெயரை மனசுக்குள் கடவுளிடம் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலைக்கு நேரம் கிடைக்கிற நாளில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நாளை அமல உற்பவத் திருநாள். 1944-ல் இதே டிசம்பர் 8-ஆம் தேதி பெர்லின் சிறையில் ஆல்ஃபிரட் டெல்ப் என்ற இயேசு சபைக் குரு தன் இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார். நாஜிகளின் கைதி. கையில் விலங்கோடுதான் திருவருகைக் காலத்தைப் பற்றி எழுதினார். சலவைத் துணியோடு அந்தக் காகிதங்கள் வெளியே போயின. 1945 பிப்ரவரி 2-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆலயம் இல்லை, அலங்காரம் இல்லை, முடிவு தெரியாத காத்திருப்பு. அந்த அறையில் திருவருகைக் காலம் நடந்தது என்றால் உன் ஐசியூவில் நடக்காதா?

இன்னும் இரண்டு விஷயம். தினமும் காலையில் வசன கார்டு ஃபார்வர்டு பண்ணுகிற குழுக்களைப் பார்த்து, நாம் மட்டும் காய்ந்து கிடக்கிறோமே என்று எண்ணாதே. அதில் நானும் இருக்கிறேன், எனக்குத் தெரியும். அடுத்தது உன் அப்பா. வரன் பேச்சில் நீ கோபமாக வைத்த போனுக்குப் பிறகு அவன் உன்னைக் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு எப்போது போவது என்று கேட்டிருந்தாயே, அதற்கு முன்னால் அவனைக் கூப்பிடு. சம்மதம் சொல்ல வேண்டும் என்றில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும், மீதியை அவனே பேசுவான்.

நைட் முடிந்து வந்தால் பகலில் தூங்கு. தூக்கம் கெட்டவளுக்கு எல்லாமே விசுவாசக் குறைவாகத்தான் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது என்றாய். அடுத்த சனிக்கிழமை முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கிறேன். உருண்டை பிடித்து ஒரு ராத்திரி காயவிட்டுத்தான் மாவில் முக்கிப் பொரிக்க வேண்டும், திங்கட்கிழமைதான் பார்சல் போடலாம். உனக்கும் உன் ஷிப்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து அனுப்புகிறேன். புது ஹாஸ்டல் முகவரியைப் பின்கோடோடு எழுதி அனுப்பு.

பெரியம்மா